சீமைக்குத் திரும்பிப் போன புல்லட்



கார்த்திகை தீபம் முடிந்து டிசம்பர் குளிர் தொடங்கியதும் நம்மூர் செங்கம் ரோட்டில் புல்லட் சத்தம் கூடிவிடும். ரமணாசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களில் பலர் புல்லட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் ஊரைச் சுற்றுகிறார்கள். "அவங்க ஊர்ல இல்லாத வண்டியா? இந்தப் பழைய வண்டியில அப்படி என்னய்யா இருக்கு?" என்று டீக்கடையில் கேட்காதவர்கள் இல்லை. உண்மை என்னவென்றால், அவங்க ஊரிலும் இதே புல்லட் ஓடுகிறது. அதுவும் நம்ம சென்னையில் செய்து கப்பல் ஏற்றி அனுப்பிய புல்லட். ஆனால் அது அச்சு அசலாக நம்ம வீட்டு வாசலில் நிற்கும் வண்டி இல்லை. பிரேக் வேறு, விளக்கு வேறு, சில வருடங்களில் இன்ஜினே வேறு.

பழைய வண்டி வாங்கி விற்கும் இடங்களில் "சார், இது எக்ஸ்போர்ட் மாடல்" என்று ஒரு வார்த்தை சொல்லி, சுளையாக விலையை ஏற்றுவார்கள். திருப்பூர் பனியனில் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று சொல்வதைப் போலத்தான். வெளிநாட்டுக்குப் போனது உசத்தி, நமக்கு விற்றது மட்டம் என்கிற எண்ணம் நம் மனதில் ஊறிப்போய்விட்டது. அது எவ்வளவு தூரம் சரி? புல்லட்டை வைத்தே கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஒரே வண்டி, ஊருக்கு ஒரு வேஷம்

ஒரே மாடல் எந்த நாட்டுக்கு எந்த ரூபத்தில் போனது என்று தேடிப் பட்டியல் போடுவது உலகம் முழுக்க ஒரு பெரிய பொழுதுபோக்கு. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஜப்பானின் நிசான் கம்பெனி 1969-ல் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். உள்ளூரில் அதன் பெயர் ஃபேர்லேடி இசட். வெளிநாட்டில் டாட்சன் 240 இசட். ஜப்பானில் இன்ஜின் பெரிசானால் வரியும் பெரிசாகும். அதனால் அங்கே விற்றவற்றில் பெரும்பாலானவை 2 லிட்டர் இன்ஜின். வெளிநாட்டுக்கு 2.4 லிட்டர், பெயரில் உள்ள 240 அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவுக்குப் போன வண்டிக்கு நாலு கியர் வைத்தார்கள். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டும் ஐரோப்பியர்களுக்கு ஐந்து கியரும், இன்னும் இறுக்கமான ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வித்தியாசங்கள் எதுவும் டிசைனரின் ஆசைக்கு வந்தவை அல்ல. வரி, ரோடு, சட்டம், பெட்ரோல், ஓட்டுகிறவர் பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நம் புல்லட்டையும் பார்க்க வேண்டும்.

ரெட்டிச் முதல் திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் தாய் வீடு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது. நமக்குத் தெரிந்த புல்லட்டின் மூதாதை, பின் சக்கரத்துக்குச் சாக் அப்சார்பர் வைத்த 350 சி.சி. வண்டி. 1948-ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் அதைத்தான் ஓட்டினார்கள்.

இந்தியாவில், கே.ஆர். சுந்தரம் ஐயர் 1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றார். எல்லையில் ரோந்து போக நமது ராணுவம் 1952-ல் 350 சி.சி. புல்லட்டுகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. அங்கேயிருந்து கப்பலில் கொண்டுவந்து கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்று, 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. வடசென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களையும் நம் ஆட்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குள் தாய் வீட்டில் காற்று மாறிவிட்டது. 1969-ல் ஹோண்டா கம்பெனி நாலு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க் பிரேக்கோடு சி.பி. 750 வண்டியை இறக்கியது. பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும், ஆயில் ஒழுகாத வண்டி. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகளால் இதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ரெட்டிச் தொழிற்சாலை 1967-லேயே மூடப்பட்டிருந்தது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. அம்மா போய்ச் சேர்ந்தாள். பிள்ளை திருவொற்றியூரில் டக் டக்கென்று உயிரோடு இருந்தது.

1977: வந்த வழியே திரும்பிய வண்டி

1977-ல் என்ஃபீல்டு இந்தியா 350 சி.சி. புல்லட்டை இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. ஜப்பான் வண்டிகள் குவிந்து கிடக்கும் ஊரில் 1950-களின் டிசைனை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். வாங்கினார்கள். வாலிப வயதில் இந்த வண்டியை ஆசையாகப் பார்த்தவர்கள் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். பழைய ரெட்டிச் வண்டியைத் தேடிப் பிடித்துப் பழுது பார்ப்பதைவிட, அதே வண்டியைப் புதுசாக, கடையிலேயே வாங்க முடிகிறது என்பது அவர்களுக்கு ஆச்சரியம்.

ஆனால் அங்கே ஓட வேண்டுமென்றால் அங்கே உள்ள சட்டத்துக்கும் ரோட்டுக்கும் ஒத்துப்போக வேண்டுமே. அங்கேதான் வேஷம் மாற ஆரம்பிக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசங்களை முதலில் சொல்கிறேன். நம்ம வண்டியில் பின்சக்கரத்தின் இடது பக்கம் புடவை மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு உண்டு. நமது மோட்டார் வாகன விதிகள் (1989) பின் சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் அந்தத் தேவை இல்லை. அந்த வண்டிக்குத் தடுப்பும் இல்லை. இங்கிலாந்தில் 1975-லிருந்து மோட்டார் சைக்கிளுக்கு முன் நம்பர் பிளேட் கட்டாயமில்லை. அதனால் முன் மட்கார்டு துடைத்து வைத்தாற்போல் இருக்கும். இங்கிலாந்து வண்டியின் ஸ்பீடாமீட்டர் மைல் கணக்கு. ஜெர்மனிக்குப் போனால் கிலோமீட்டர்.

ஹெட்லைட் இன்னும் சுவாரசியம். டிம் அடிக்கும்போது எதிரே வருகிறவர் கண் கூசாமல், வெளிச்சம் நம் ஓரமாகத்தான் நீள வேண்டும். நாமும் இங்கிலாந்துக்காரரும் இடது பக்கம் போகிறவர்கள். ஜெர்மனி, பிரான்சில் வலது பக்கம். எனவே ஒரே தொழிற்சாலையிலிருந்து போகும் வண்டிக்கு, லண்டனுக்கு ஒரு லென்ஸ், முனிச்சுக்கு ஒரு லென்ஸ். சைட்கார் மாட்டுவதாக இருந்தாலும் இதே கதைதான். இங்கே இடது பக்கம், அங்கே வலது பக்கம்.

கியர் லீவர் விஷயத்தில் ஐரோப்பா நம்மோடு சேர்ந்தது. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மேலே ஒன்று, கீழே மூன்று. கியரை நியூட்ரலுக்குத் தள்ள குதிகாலுக்குத் தனி லீவர். அமெரிக்கச் சட்டப்படி கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும். அதனால் அமெரிக்கா போன வண்டிக்கு லீவரை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஐரோப்பா அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. 2004-ல் ஐந்து கியர் கொண்ட எலக்ட்ரா எக்ஸ் போனபோதுதான் அங்கேயும் கியர் இடது காலுக்கு வந்தது.

350 எப்படி 500 ஆனது?

1989-ல் 500 சி.சி. புல்லட் வந்தது. முக்கியமாக ஏற்றுமதியை மனதில் வைத்துச் செய்தது, 24 குதிரைசக்தி. மெக்கானிக்கல் மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350-ன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. கொள்ளளவு 346 சி.சி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் விட்டத்தை மட்டும் 84 ஆக்குங்கள். 84-ஐ 70-ஆல் வகுத்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44. 346-ஐ 1.44-ஆல் பெருக்கினால் 498 சொச்சம். அதுதான் 499 சி.சி. புல்லட்! அடிப்படை மாறாமல், இருக்கிற இன்ஜினிலேயே வயிற்றைப் பெரிசாக்கிய கெட்டிக்காரத்தனம். இங்கிலாந்துக்காரர்களே 1950-களில் செய்த வேலைதான் இது.

ஜப்பானில் வரிக்காக உள்ளூருக்கு 2 லிட்டர், வெளியூருக்கு 2.4 லிட்டர். நமக்கு மைலேஜுக்காக உள்ளூரில் 350, ஐரோப்பிய நெடுஞ்சாலைக்காக 500. இரண்டு கதைக்கும் அச்சு ஒன்றுதான்.

ஐரோப்பியர்கள் இதோடும் விடவில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் எக்லி என்ற பந்தய வண்டி நிபுணர் இதே இன்ஜினை 600 சி.சி.க்கு மேல் கொண்டுபோனார். ஜெர்மனியில் சொம்மர் என்ற பட்டறை புல்லட் பாகங்களோடு டீசல் இன்ஜினைப் பூட்டி விற்றது. 1990-களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில் இறக்குமதி செய்த வாட்சோனியன் ஸ்கொயர் அடிப்படையில் சைட்கார் கம்பெனி. அவர்கள் நம் வண்டியை வாங்கி டேங்க், சீட், சைலன்ஸரை மாற்றி 'கிளப்மேன்', 'உட்ஸ்மேன்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். இவையெல்லாம் திருவொற்றியூரில் பிறந்து, போன இடத்தில் மறுபடி காது குத்தப்பட்ட வண்டிகள்.

புகை கிளப்பிய பிரச்சினை

1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பெயர் மறுபடி 'ராயல் என்ஃபீல்டு' ஆனது. அதே காலத்தில் ஐரோப்பாவில் புகைச் சட்டம் இறுகத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு யூரோ 1 விதி 1999-ல், யூரோ 2 2003-ல், யூரோ 3 2006-ல்.

இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய இன்ஜினுக்கு இது கண்டம். இரும்பு சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். சூடேறச் சூடேறப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி மாறும். அதைக் கணக்கில் வைத்து முதலிலேயே கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். ஆயிலும் புகையும் அந்த வழியாகத்தான் போகும். பெட்ரோல் கலவையும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும். கெட்டிக் கலவை என்றால் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். ஆக, தர்மசங்கடம்.

இதற்குத் தீர்வாக ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியோடு முழு அலுமினிய இன்ஜின் வந்தது. குறைந்த பெட்ரோல், அதிகக் காற்று என்ற கலவையில் எரியும் 'லீன் பர்ன்' இன்ஜின். 1999-ல் 350 சி.சி.யில் இங்கே வந்தது. அதன் 500 சி.சி. அண்ணன்தான் 2004-ல் வெளிநாட்டுச் சந்தைக்குப் போன எலக்ட்ரா எக்ஸ்.

அடுத்த தாவல் 2008. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கிய புது இன்ஜின். கார்ப்பரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். அதைச் சுமந்த கிளாசிக் 500 முதலில் அறிமுகமானது ஜெர்மனியில்! நமக்கு 2009-ல்தான் வந்தது. சென்னையில் செய்த வண்டியைச் சென்னைக்காரன் பார்ப்பதற்கு முன் ஜெர்மானியன் ஓட்டிப் பார்த்துவிட்டான்.

இதெல்லாம் கம்பெனியின் ஓரவஞ்சனையா? அப்படிச் சொல்லிவிட்டால் சுலபம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் யூரோ 3 2006. இங்கே அதன் இடத்தில் பாரத் ஸ்டேஜ் 3 2010-ல். நான்கு வருட இடைவெளி. யூரோ 4 2016-ல் தொடங்கியது. பாரத் ஸ்டேஜ் 4 2017-ல். யூரோ 5 2020 ஜனவரி; பாரத் ஸ்டேஜ் 6 2020 ஏப்ரல். மூன்றே மாதம்! சட்டங்களுக்கு இடையே இருந்த தூரம் குறையக் குறைய, வண்டிகளுக்கு இடையே இருந்த தூரமும் குறைந்துகொண்டே வந்தது.

உயிர் காக்கும் பிரேக்

புகையைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது பிரேக். பழைய உள்ளூர் வண்டியின் முன் டிரம்மில் இருந்தது ஒற்றை லீடிங் ஷூ. ஒரே கேம் இரண்டு ஷூக்களையும் தள்ளும். ஒன்றைச் சுற்றுகிற டிரம் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், நன்றாகப் பிடிக்கும். மற்றதை டிரம் வெளியே தள்ளிவிடும், பேருக்குத்தான் பிடிக்கும். ஏற்றுமதியான 500-க்கு 7 அங்குல டிரம், இரண்டு கேம். இரண்டு ஷூவையும் டிரம் உள்ளே இழுக்கும். கை அழுத்தம் அதே. நிற்கும் தூரம் குறைவு. (ஒரு குறை: வண்டி பின்னால் உருளும்போது அதே இரண்டு ஷூவும் வழுக்கும். ஏற்றத்தில் நிறுத்தும்போது தெரியும்!)

அந்த பிரேக் பின்னாளில் உள்ளூர் 350-க்கும் வந்தது. ஆனால் அதுவரை? ஐரோப்பாவில் ஒரு ஆள் தனியாக, ஞாயிற்றுக்கிழமை, நல்ல ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு நல்ல பிரேக். இங்கே மனைவி, இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை சகிதம், வேலூர் ரோட்டில் மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடுகிற வண்டிக்குச் சாதா பிரேக். எவனுக்கு அதிகத் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

ஏ.பி.எஸ். வந்தபோதும் இதே காட்சிதான். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஐரோப்பா 2016-ல் கட்டாயமாக்கத் தொடங்கியது. 2017-ல் வெளிநாடு போன கிளாசிக் 500-க்கு ஏ.பி.எஸ்.ஸும் பின் டிஸ்க்கும் இருந்தன. இங்கே புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலிலும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் கம்பெனி மறுபேச்சில்லாமல் மாட்டியது. செய்யத் தெரியாமல் இல்லை, செய்ய ஆள் இல்லாமலும் இல்லை. அதே கைகள்தான் அந்த வண்டிக்கும் இந்த வண்டிக்கும் நட்டு முடுக்கின. டேங்கில் தங்கக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்த திருவொற்றியூர்க் கலைஞர்களுக்கு, இந்த டேங்க் லண்டனுக்கு, இந்த டேங்க் திருவண்ணாமலைக்கு என்ற பேதமே இருந்திருக்காது.

ஆகவே 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்பது தொழிலாளியின் கையில் இருந்த வித்தியாசம் அல்ல. கேட்ட சட்டத்தில் இருந்த வித்தியாசம். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நாம் மைலேஜ் மட்டும் கேட்டோம், மைலேஜ் கிடைத்தது.

'எக்ஸ்போர்ட் மாடல்' என்று சொன்னால்...

பழைய புல்லட் வாங்கப் போகும் தம்பிகளுக்குச் சில குறிப்புகள். முதலாவது, உண்மையான ஏற்றுமதி வண்டி கப்பலேறிப் போயிருக்கும். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தோடு நிற்கிற வண்டியை அப்படிச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். 500 சி.சி. என்பதே ஆதாரம் ஆகாது. 500 உள்ளூரிலும் விற்றது. இரண்டாவது, ஆர்.சி.யில் 346 என்று இருந்து உள்ளே 499 பிஸ்டன் ஓடினால், அது வில்லங்கம்; இன்சூரன்ஸ் சமயத்தில் தெரியும். மூன்றாவது, இரட்டை லீடிங் ஷூ ஹப், மைல் மீட்டர், இண்டிகேட்டர் எல்லாம் கடையில் வாங்கி மாட்டக்கூடியவை. ஒரு பாகத்தை வைத்து முடிவு செய்யாமல், ஃபிரேம் நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வண்டி சரித்திரம் என்றாலும் ஊர் சரித்திரம் என்றாலும் விதி ஒன்றுதான்: ஒரு கல்வெட்டை வைத்துக் கோயில் முழுவதையும் வயது கணிக்கக்கூடாது.

வேஷம் கலைந்த பிறகு

650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிகளை ராயல் என்ஃபீல்டு 2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் காட்டியது. 47 குதிரைசக்தி, ஏ.பி.எஸ்., இரண்டு பக்கமும் டிஸ்க். சென்னைக்கு அருகே செய்யப்பட்டு, உலகம் முழுக்கப் போனது. அடிப்படையில் ஒரே வண்டி. 2020-ல் வந்த மீட்டியார், 2021-ல் வந்த புது கிளாசிக் 350 ஆகியவையும் அப்படியே. லென்ஸும் மீட்டரும் நம்பர் பிளேட்டும் இன்றும் மாறும், மாறத்தான் வேண்டும். ஆனால் "அவனுக்கு நல்ல பிரேக், நமக்குச் சாதா பிரேக்" என்ற நிலை பெருமளவு மாறிவிட்டது. எதிர்காலத்தில் இந்த வண்டிகளில் 'ஐரோப்பிய ரகம்' தேடுகிறவர்களுக்கு அதிக வேலை இருக்காது. சேகரிப்பாளர்களுக்கு அது ஏமாற்றம். ஒரு பொறியாளனாக எனக்கு அது சந்தோஷம்.

நம் கல்லூரியிலிருந்து ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று வாகனத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் நிறையப் பேர் இந்த மலரைப் படிப்பீர்கள். இனி போகப் போகிறவர்களும் படிப்பீர்கள். ஒரு நாள் உங்கள் மேசைக்கும் இரண்டு வரைபடங்கள் வரும். ஒன்றில் 'எக்ஸ்போர்ட்', மற்றதில் 'டொமஸ்டிக்' என்று எழுதியிருக்கும். ஸ்பீடாமீட்டரும் விளக்கும் மாறியிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். பிரேக்கோ, வெல்டிங்கோ, புகையோ மாறியிருந்தால், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். சட்டம் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த வண்டியில் போகப் போகிறவர்கள் நம்மூர்க்காரர்கள்.